ஹீமோகுளோபின் 6.8, கர்ப்பப்பையில் கட்டி, ஹார்மோன் டெஸ்ட் எல்லாம் நார்மல். அப்புறம் எது ‘ஹார்மோன் கோளாறு’?

தறிச்சத்தம்:
வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துவிட்டுப் போகிறவள்தான், எழுதுவது முதல் தடவை. வயது 43, குமாரபாளையம் பக்கம், விசைத்தறி வேலை. ஒன்றரை வருடமாக தூரம் வந்தால் எட்டு ஒன்பது நாள் நிற்பதில்லை, முதல் மூன்று நாள் மணிக்கு ஒரு நாப்கின், கட்டி கட்டியாகப் போகும். நிற்கப் போகிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னதை நம்பி இருந்துவிட்டேன். போன மாதம் தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன், அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி.

ரிப்போர்ட்டில் உள்ளது: ஹீமோகுளோபின் 6.8, எம்சிவி 64, எம்சிஹெச் 18.4, ஆர்டிடபிள்யூ 21, சிவப்பணு 37 லட்சம், வெள்ளையணு 7,200, தட்டணு 5 லட்சத்து 60 ஆயிரம். ஸ்கேனில் கர்ப்பப்பைச் சுவருக்குள் 5.2 செ.மீ. ஃபைப்ராய்டு, உள்சவ்வைத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். டாக்டர் ‘ஹார்மோன் கோளாறு’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு ஒரு பட்டியல் டெஸ்ட் எழுதினார். தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் 3.1, புரோலாக்டின், எஃப்எஸ்ஹெச், எல்ஹெச், ஈஸ்ட்ரோஜன் எல்லாமே நார்மல். அதற்கு மட்டும் மூவாயிரத்துக்கு மேல் ஆனது, என் ஒரு வாரக் கூலி. இது போதாதென்று சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 6.2 வந்திருக்கிறது, சர்க்கரை வரப்போகிறது என்கிறார்கள். வெறும் வயிற்றில் பார்த்தால் 92தான்.

எல்லாம் நார்மல் என்றால் கோளாறு எங்கே இருக்கிறது? தட்டணு ஏன் ஏறியது? கொழுந்தனார் மகன் செல்லில் தேடிப் பார்த்துவிட்டு ரத்தப் புற்றுநோயாக இருக்கும் என்கிறான், அன்றிலிருந்து தூக்கம் இல்லை. கர்ப்பப்பையை எடுத்துவிடு, பிள்ளைதான் பெற்றாகிவிட்டதே என்று வீட்டில் ஒரே பேச்சு. எதை முதலில் பார்ப்பது?

கோவைக்காரன்72:
சகோதரி, 6.8 என்றால் முதலில் ரத்தம் ஏற்றுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

வாடாமல்லி:
எனக்கும் இதே கதைதான் அக்கா. உங்கள் கொழுந்தனார் மகன் கையிலிருந்து அந்தச் செல்லைப் பிடுங்கி வையுங்கள் முதலில்.

ஸ்லைடுக்காரி:
நான் லேப் டெக்னீஷியன், 17 வருடமாக மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். டாக்டர் இல்லை, மருந்து சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்று சொல்ல முடியும். இந்த எண்களைப் பார்த்ததும் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை, இப்படிப்பட்ட ஸ்லைடை வாரத்துக்கு நாலைந்து பார்க்கிறேன்.

பத்துப் பேருக்கு ஆட்டிய மாவை இருபது பேருக்கு ஊற்றினால் இட்லி எப்படி வரும்? சின்னதாக, தட்டையாக வரும். இரும்பு இல்லாத எலும்பு மஜ்ஜையில் நடப்பதும் அதுதான். சிவப்பணுவின் அளவுதான் எம்சிவி, சாதாரணமாக 80-க்கு மேல் இருக்க வேண்டும், உங்களுடையது 64. ஒவ்வொரு அணுவிலும் எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்பது எம்சிஹெச், 27-க்கு மேல் இருக்க வேண்டியது 18-இல் நிற்கிறது. ஆர்டிடபிள்யூ என்பது அணுக்களின் அளவு எவ்வளவு தாறுமாறாக இருக்கிறது என்பதைக் காட்டுகிற எண். பழைய நல்ல அணுவும் புதுசாக வந்த குட்டி அணுவும் கலந்து ஓடுவதால் 21. ஸ்லைடில் நடுவில் வெளுத்து வளையம் மாதிரி இருக்கும், சிலது பென்சில் மாதிரி நீண்டிருக்கும்.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. எம்சிவியை சிவப்பணு எண்ணிக்கையால், மில்லியன் கணக்கில் வைத்து, வகுத்துப் பாருங்கள். 64-ஐ 3.7-ஆல் வகுத்தால் 17 வரும். 13-க்கு மேல் என்றால் இரும்புக் குறைவின் பக்கம், 13-க்குக் கீழே என்றால் தலசீமியா என்கிற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கேரியர் பக்கம் சாயும். கோடி காட்டுகிற கணக்குதான், தீர்ப்பு இல்லை. உடம்பில் சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் டெஸ்ட் ஒன்று பார்த்தால் தீர்ந்துவிடும். உங்கள் பட்டியலில் அது இல்லவே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். மூவாயிரம் ரூபாய்க்கு ஹார்மோன் பார்த்தவர்கள் ஃபெரிட்டினை விட்டுவிட்டார்கள்.

தட்டணு விஷயம். இரும்பு குறைந்தால் தட்டணு ஏறும், இது பழைய சங்கதி. சிவப்பணுவும் தட்டணுவும் மஜ்ஜையில் ஒரே தாயணுவிலிருந்து பிரிகிறவை, இரும்பு இல்லாதபோது அந்தத் தாயணு தட்டணுப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. நாலரை லட்சத்தைத் தாண்டி ஐந்து, ஆறு என்று போவது இந்த நிலையில் சாதாரணம். இரும்பு ஏறியதும் தானாக இறங்கிவிடும். வெள்ளையணு 7,200, அதிலும் தப்பான அணு எதையும் யாரும் எழுதவில்லை. நிம்மதியாகத் தூங்குங்கள்.

கடைசியாக அந்த 6.2. இரும்புக் குறைவில் சர்க்கரைச் சராசரி பொய்யாக ஏறிக் காட்டும். ரத்தம் சரியான பிறகு மறுபடி பாருங்கள், அதுவரை வெறும் வயிற்றில் வந்த 92-ஐ நம்புங்கள்.

தறிச்சத்தம்:
அக்கா, உங்கள் கையைக் காட்டுங்கள், கும்பிட வேண்டும். இரண்டு வாரத்தில் ஒருத்தர்கூட இதைச் சொல்லவில்லை.

ஒன்று கேட்கலாமா, கேட்கவே கூச்சமாக இருக்கிறது. எனக்கு ஒரு வருடமாகப் பச்சரிசி தின்கிற பழக்கம் வந்துவிட்டது. முந்தானையில் முடிந்துகொண்டு போய் தறி பக்கத்தில் நின்று மென்றுகொண்டே இருப்பேன். ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் போகும். மாமியார் பார்த்துவிட்டு சோகை பிடிக்கும் என்று திட்டுகிறார். அரிசி தின்றதால்தான் இப்படி ஆகிவிட்டதா?

வாடாமல்லி:
ஐயோ அக்கா, நான் சிலேட்டுக் குச்சி. பையன் ஒன்றாம் வகுப்பு, அவனுக்கு வாங்கின டப்பா முழுக்க என் வயிற்றில்.

பிச்சிப்பூ_நெல்லை:
திருநீறு. கோயிலுக்குப் போனால் பொட்டலம் பொட்டலமாக வாங்கி வருவேன், பக்தி முற்றிவிட்டது என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது ஹீமோகுளோபின் 7.

கோவைக்காரன்72:
என் மனைவி ஃப்ரிட்ஜில் ஐஸ் உடைத்துத் தின்பாள். நானும் சும்மா விளையாட்டு என்று விட்டுவிட்டேன். இப்போதுதான் உறைக்கிறது, நாளைக்கே ரத்தம் பார்க்கக் கூட்டிப் போகிறேன்.

ஸ்லைடுக்காரி:
மாமியார் சொன்னது தலைகீழ். சோகை வந்ததால் அரிசி தின்னத் தோன்றுகிறது. பச்சரிசி, சாம்பல், மண், ஐஸ் எல்லாம் ஒரே கூட்டம். இரும்பு ஏறத் தொடங்கிய சில வாரத்திலேயே அந்த ஆசை போய்விடும், பலருக்கு ஹீமோகுளோபின் ஏறுவதற்கு முன்னாலேயே போய்விடுகிறது. ஆனால் மண்ணும் சாம்பலும் தின்றால் உள்ளே போகிற கொஞ்சநஞ்ச இரும்பையும் ஒட்டவிடாது, அந்த வகையில் மாமியாருக்கும் பாதி மார்க் கொடுக்கலாம்.

இரவுப்பணி:
மகப்பேறு மருத்துவர்தான், ஊரும் பெயரும் வேண்டாம். இரவு டியூட்டி நடுவே எழுதுகிறேன், விட்டு விட்டு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹார்மோன் கோளாறு என்கிற வார்த்தையை நாங்கள் டாக்டர்கள்தான் கெடுத்துவைத்திருக்கிறோம், ஒப்புக்கொள்கிறேன். ஓபியில் நூறு பேர் காத்திருக்கும்போது அந்த ஒரு வார்த்தை வசதியாக இருக்கிறது. உண்மை என்னவென்றால் ஃபைப்ராய்டு உள்ள பெரும்பாலான பெண்களின் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் மற்ற பெண்களுக்கு இருக்கிற அளவில்தான் இருக்கும். அதனால் உங்கள் டெஸ்ட் நார்மலாக வந்ததில் ஆச்சரியமே இல்லை. விவகாரம் ரத்தத்தில் நடக்கவில்லை, கட்டிக்குள்ளே நடக்கிறது. கர்ப்பப்பைச் சுவரில் உள்ள ஒரு தசை அணுவில் மரபணு மாற்றம் ஒன்று ஏற்படுகிறது, 2011-இல் பின்லாந்து ஆராய்ச்சியாளர்கள் மெட்12 என்கிற ஒரே மரபணுவில் இது பெரும்பாலான ஃபைப்ராய்டுகளில் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஒரு அணு பெருகிப் பெருகித்தான் கட்டி. அந்த அணுக்கள் பக்கத்துச் சதையைவிட ஹார்மோனை அதிகமாகப் பிடித்துக்கொள்ளும். அதுமட்டும் இல்லை, அரோமடேஸ் என்கிற நொதியை வைத்துக்கொண்டு உள்ளேயே ஈஸ்ட்ரோஜனைத் தயாரித்தும் கொள்ளும். ஊருக்கெல்லாம் ஒரே அளவு தண்ணீர் திறந்துவிட்டாலும் ஒருத்தன் மட்டும் வாய்க்காலில் மோட்டார் போட்டு உறிஞ்சினால் எப்படி? அணையில் போய் மட்டத்தை அளந்தால் திருட்டு தெரியாது.

ரொம்ப காலம் ஈஸ்ட்ரோஜன்தான் வில்லன் என்று நினைத்தோம். இப்போது புரோஜெஸ்டிரோனுக்குத்தான் பெரிய பங்கு என்று தெரிகிறது. ஈஸ்ட்ரோஜன் வந்து புரோஜெஸ்டிரோன் உட்காருவதற்கு நாற்காலி போட்டுக்கொடுக்கிறது, கட்டியை வளர்ப்பது புரோஜெஸ்டிரோன்தான். வயதுக்கு வருவதற்கு முன்னால் இது யாருக்கும் வருவதில்லை, மாதவிடாய் நின்றபின் சுருங்கிவிடுகிறது, இரண்டுக்கும் காரணம் இதுதான்.

தைராய்டு பார்த்தது மட்டும் சரியான டெஸ்ட். தைராய்டு குறைந்தாலே உதிரப்போக்கு அதிகமாகும். ஃபைப்ராய்டும் தைராய்டும் சேர்ந்தே இருக்கிற பெண்கள் நிறைய, கட்டியை மட்டும் பார்த்துவிட்டுத் தைராய்டை விட்டவர்களும் உண்டு.

தறிச்சத்தம்:
டாக்டர், உங்களை நேரில் பார்த்தால் கேட்க வாய் வராது, இங்கே என்பதால் கேட்கிறேன். புரோஜெஸ்டிரோன்தான் கட்டியை வளர்க்கிறது என்றால் எனக்கு ஏன் நோரெதிஸ்டிரோன் மாத்திரை கொடுத்தார்கள், அதுவும் அந்த வகைதானே? இன்னொன்று, கட்டி கட்டியாகப் போகிறதே, அது ஃபைப்ராய்டு உடைந்து வருகிறதா? அப்படியே போய்த் தீர்ந்துவிடும் என்று ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரவுப்பணி:
இரண்டும் நல்ல கேள்வி. இரண்டாவதற்கு முதலில் பதில். இல்லை, அது உறைந்த ரத்தம். ஃபைப்ராய்டு கெட்டியான தசைநார் உருண்டை, கத்தியால் வெட்டினால் கரகரவென்று சத்தம் வரும், அது பிய்ந்து வராது. தமிழில் இரண்டுக்கும் கட்டி என்றே சொல்வதால் வருகிற குழப்பம் இது, எத்தனையோ பேர் உங்கள் மாதிரியே நினைத்துக் காத்திருந்து ஹீமோகுளோபின் 5, 4 என்று வருகிறார்கள்.

முதல் கேள்விக்கு: அந்த மாத்திரை உள்சவ்வை நிலைப்படுத்தி, மெலிய வைத்து உதிரத்தை நிறுத்தும். குழாயை அடைக்கிற வேலை. கட்டி சுருங்காது. சில வாரம் உதிரம் நின்றால் அந்த இடைவெளியில் உடம்பில் ரத்தத்தை ஏற்றிக்கொள்ளலாம், அதற்குத்தான். மாதக் கணக்கில் நீங்களே வாங்கிப் போட்டுக்கொண்டு இருக்க வேண்டியது இல்லை.

ஏன் இவ்வளவு உதிரம் என்றும் சொல்லிவிடுகிறேன். கட்டி உள்சவ்வைத் தள்ளுவதால் உதிர வேண்டிய பரப்பு கூடுகிறது, சுற்றியுள்ள ரத்தநாளங்கள் புடைத்துக்கொள்கின்றன, கர்ப்பப்பை சுருங்கி நாளங்களை நெரிக்க முடியாமல் போகிறது, போதாக்குறைக்குக் கட்டி விடுகிற சில ரசாயனங்கள் ரத்தம் உறைவதையும் கெடுக்கின்றன. கட்டியின் அளவைவிட இடம்தான் முக்கியம். வெளிப்பக்கமாக 8 செ.மீ. தொங்கினாலும் ஒரு சொட்டு கூடுதலாகப் போகாதவர்கள் இருக்கிறார்கள், உள்ளே 2 செ.மீ. இருந்து ஆளைச் சாய்த்ததும் உண்டு.

பனங்கற்கண்டு:
ஆங்கில மருத்துவம் சொல்வதையே கேட்டுக்கொண்டு இருக்கிறீர்கள். பெரும்பாடு என்று நம் சித்தர்கள் எழுதிவைத்த நோய்தான் இது. என் பெரியம்மாவுக்கு 4 செ.மீ. கட்டி, அசோகப் பட்டைக் கஷாயமும் கழற்சிக்காய்ப் பொடியும் இரண்டு வருடம் சாப்பிட்டார், ஸ்கேனில் 2 செ.மீ. ஆகிவிட்டது. கத்தியே படவில்லை.

ஸ்லைடுக்காரி:
பெரியம்மாவுக்கு அப்போது என்ன வயசு?

பனங்கற்கண்டு:
49-இல் ஆரம்பித்தார், 51.

ஸ்லைடுக்காரி:
தூரம் நின்றுவிட்டதா?

பனங்கற்கண்டு:
ஆமாம், 50-இல் நின்றது.

வாடாமல்லி:
😂

இரவுப்பணி:
சிரிக்க வேண்டாம், அவர் பொய் சொல்லவில்லை, பெரியம்மாவின் கட்டி சுருங்கியது உண்மை. கஷாயத்தோடு சேர்ந்து சினைப்பையும் ஓய்வெடுத்துவிட்டது, எதற்குப் பெயர் கொடுப்பது என்பதுதான் பிரச்சினை. 43 வயதுப் பெண்ணுக்கு இன்னும் ஏழெட்டு வருடம் இருக்கலாம், ஹீமோகுளோபின் 6.8-ஐ வைத்துக்கொண்டு அதுவரை காத்திருக்க முடியாது. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள், மாதவிடாய் நின்றபிறகு கட்டி சுருங்காமல் வளர்ந்தால் உடனே வாருங்கள். ஃபைப்ராய்டு என்று நினைத்தது சார்கோமா என்கிற புற்றுநோயாக இருப்பது அரிது, ஃபைப்ராய்டுக்கு ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களில் 350-இல் ஒன்று என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இல் சொன்னது, பிறகு வந்த கணக்குகள் பலவும் அதைவிடக் குறைவு. ஆனால் அந்த வயதில் வளர்கிற கட்டியை அலட்சியப்படுத்தக் கூடாது.

பனங்கற்கண்டு:
சரி, வயசு விஷயம் நான் யோசிக்கவில்லை. ஆனாலும் பேரீச்சம்பழம், பீட்ரூட், முருங்கைக்கீரை சாப்பிட்டால் ரத்தம் ஊறும்தானே, அதையாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

ஸ்லைடுக்காரி:
பீட்ரூட்டில் இருப்பது நிறம். கீரையில் இரும்பு இருக்கிறது, ஆனால் ஒட்டுவது கொஞ்சம். ரத்தம் நல்லபடியாக இருக்கும்போது ஒரு மில்லி போனால் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. மாதம் 200 மில்லி போகிறது என்று வையுங்கள், 80, 100 மில்லிகிராம் இரும்பு காலி. சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்கு உடம்பு எடுத்துக்கொள்வது ஒன்று, மிஞ்சிப் போனால் இரண்டு மில்லிகிராம், அதிலும் ஒன்று தினசரி தேய்மானத்துக்கே போய்விடும். இந்தக் கடனைப் பேரீச்சம்பழத்தால் அடைக்க முடியாது. எங்கள் ஆயா காலத்தில் இதற்குச் சுவரொட்டி வாங்கிக் கொடுப்பார்கள், ஆட்டின் மண்ணீரல், அது உண்மையிலேயே இரும்பு நிறைந்த பொருள். சாப்பிடுகிறவர்கள் சாப்பிடலாம், ஆனால் 6.8-க்கு அதுவும் போதாது.

தறிச்சத்தம்:
அப்படியானால் ரத்தம் ஏற்ற வேண்டுமா டாக்டர்? எனக்கு ரத்தம் கொடுக்க ஆள் தேட வேண்டும் என்கிறார்கள்.

இரவுப்பணி:
உங்களைப் பார்த்த டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், பொதுவாக எப்படி யோசிப்போம் என்று மட்டும் சொல்கிறேன். படுத்தால் மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, மயக்கம் போட்டு விழுகிறீர்களா, உதிரம் இப்போதும் கொட்டிக்கொண்டிருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் இந்த இழையை மூடிவிட்டு இப்போதே போங்கள், ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். அப்படி எதுவும் இல்லாமல் உதிரம் நின்றிருந்தால் இரும்பை நரம்பு வழியாக ஏற்றுவது நல்ல வழி. ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினால் ஹீமோகுளோபின் சுமார் ஒன்று ஏறும், அவ்வளவுதான்.

எவ்வளவு இரும்பு வேண்டும் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. உங்கள் எடை எவ்வளவு?

தறிச்சத்தம்:
52 கிலோ.

இரவுப்பணி:
13-ஐ இலக்காக வைத்தால் குறைவு 6.2. அதை எடையால் பெருக்கி, 2.4-ஆல் பெருக்கி, சேமிப்புக்கு 500 கூட்டினால் ஏறக்குறைய 1,270 மில்லிகிராம். இரும்பு சுக்ரோஸ் என்றால் 200, 200 ஆக ஆறேழு தடவை போய் வர வேண்டும். கார்பாக்சிமால்டோஸ் என்கிற மருந்து ஒரே தடவையில் 1,000 வரை, கால் மணி நேரத்தில் ஏறிவிடும், மீதியை அடுத்த வாரம். இது விலை கூடுதல், ஆனால் கூலி போகிற நாள் எத்தனை, பஸ் செலவு எவ்வளவு என்று சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் இரும்பு சுக்ரோஸ் இருக்கும், கேளுங்கள்.

மாத்திரை எடுப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். காபி, டீயோடு போடாதீர்கள், முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரையோடு சேர்க்கக் கூடாது. தைராய்டு மாத்திரை போடுபவர்கள் நாலு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் நல்லது. வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாலும் நன்றாகவே ஏறும், ஒரு மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் என்கிற ஹார்மோன் ஏறி அடுத்த நாள் வாசலைச் சாத்திக்கொள்ளும் என்பதால். மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதீர்கள். ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடாமல் இன்னும் மூன்று மாதம் போட வேண்டும், பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

உதிரம் போகிற நாட்களுக்கு டிரானெக்சாமிக் அமிலம் என்று ஒன்று, அந்த நாலைந்து நாள் மட்டும். ஹார்மோன் இல்லை, போக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும். காலில், நுரையீரலில் ரத்தக்கட்டு வந்தவர்கள் எடுக்கக் கூடாது.

சித்தி_சிவகாசி:
நான் வேறு மாதிரி ஆள். எனக்கு ஹீமோகுளோபின் 17.9! கட்டி தொப்புளுக்கு மேலே வரை, ஆறு மாதக் கர்ப்பம் மாதிரி. முகம் சிவந்து தலைவலி உயிரை எடுக்கும். ரத்தப் பிரிவுக்கு அனுப்பி மரபணு டெஸ்ட் எல்லாம் பார்த்து, ஒன்றும் இல்லை என்று இரண்டு தடவை ரத்தத்தை வெளியே எடுத்தார்கள். அப்புறம் ஆபரேஷன். மூன்று மாதத்தில் 13. கட்டிதான் ரத்தத்தைச் சுரந்தது என்று டாக்டர் சொன்னார், வீட்டில் யாரும் நம்பவே இல்லை.

ஸ்லைடுக்காரி:
இதை நேரில் பார்க்கக் கொடுத்துவைக்க வேண்டும், 17 வருடத்தில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

இரவுப்பணி:
உண்மைதான். சில பெரிய ஃபைப்ராய்டுகள் எரித்ரோபாய்டின் என்கிற ஹார்மோனைத் தாங்களே சுரக்கும், சாதாரணமாக அது சிறுநீரகத்தின் வேலை. மஜ்ஜை அதைக் கேட்டு சிவப்பணுவை உற்பத்தி செய்துகொண்டே போகும். 1953-லேயே லான்செட் இதழில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கட்டியை எடுத்ததும் இறங்குவதுதான் நிரூபணம். ஒரே நோய், ஒருத்திக்கு 6.8, இன்னொருத்திக்கு 17.9. இதனால்தான் எண்ணைப் பார்க்காமல் ‘ஹார்மோன் கோளாறு’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை.

மனசுவிட்டு:
எல்லோரும் ரத்தத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், எடுப்பதா வேண்டாமா என்று அவர் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். எனக்கு 36 வயதில் எடுத்தார்கள். 3 செ.மீ. கட்டி. விட்டுவைத்தால் கேன்சராக மாறும் என்று பயமுறுத்தி, ஒரே வாரத்தில் தேதி. சினைப்பையையும் சேர்த்து எடுத்தது டிஸ்சார்ஜ் பேப்பரைப் படித்த பிறகுதான் தெரிந்தது. அடுத்த மாதத்திலிருந்து உடம்பு தீயாக எரியும், ராத்திரி நனைந்து எழுவேன், இப்போது 44, எலும்பு டெஸ்டில் 60 வயசுக்காரி மாதிரி இருக்கிறது. உண்மையான ஹார்மோன் கோளாறு எனக்கு அன்றைக்குத்தான் வந்தது.

பிச்சிப்பூ_நெல்லை:
படிக்கவே மனசு கனக்கிறது. ஆனால் எனக்கு 46-இல் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தார்கள், சினைப்பையை விட்டுவைத்தார்கள், அதற்குப் பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. பத்து வருடமாக வெள்ளைப் புடவை கட்டாதவள் நான். எடுப்பதே பாவம் என்று யாரையும் பயமுறுத்தவும் கூடாது.

இரவுப்பணி:
இரண்டு பேர் சொல்வதும் சரி. தேவையில்லாத கர்ப்பப்பை நீக்கம் பற்றிய வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே வழிகாட்டுதலை நடைமுறைப்படுத்தச் சொல்லி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கர் பெண்களுக்கு நடந்ததை வைத்துப் போட்ட வழக்கு அது. ஃபைப்ராய்டு கேன்சராக மாறும் என்று சொல்லி 36 வயதில் அவசர அவசரமாகச் செய்ததற்கு எந்த நியாயமும் இல்லை.

தறிச்சத்தத்துக்கு: 6.8-ஐ வைத்துக்கொண்டு முடிவே எடுக்காதீர்கள், ஆபரேஷனும் செய்துகொள்ளாதீர்கள், நல்ல மயக்க மருந்து டாக்டர் யாரும் அவசரம் இல்லாமல் அந்த அளவில் கையை வைக்க மாட்டார். முதலில் 10-க்கு மேல் கொண்டுவாருங்கள். அந்த இரண்டு மாதத்தில் உங்களுக்கும் யோசிக்கத் தெம்பு வரும். அப்புறம் டாக்டரிடம் நாலு கேள்வி கேளுங்கள். கட்டி உள்சவ்வுக்குள் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, உள்சவ்விலிருந்து பயாப்சி, அதாவது துளி சதை எடுத்துப் பரிசோதிப்பது, எடுக்க வேண்டுமா, கட்டியை மட்டும் எடுக்க முடியுமா, கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டும் என்றால் சினைப்பையை விட்டுவைப்பீர்களா. கர்ப்பப்பைக்குள் ஹார்மோன் சுருள் வைக்கலாமா என்றும் கேட்கலாம், உள்ளறை ரொம்ப வளைந்திருந்தால் அது நழுவி விழுந்துவிடும், ஸ்கேன் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். ரத்தநாளத்தை அடைத்துக் கட்டியைப் பட்டினி போடுகிற சிகிச்சையும் இருக்கிறது, பெரிய ஊர்களில் செய்கிறார்கள்.

கோவைக்காரன்72:
மனைவிக்குப் பார்த்தாயிற்று. 8.1. எம்சிவி 69. தட்டணு 4 லட்சத்து 80 ஆயிரம். ஸ்கேனுக்கு நாளை மறுநாள். எங்கள் வீட்டு ஐஸ் டிரேக்கு இப்போதுதான் அர்த்தம் புரிகிறது. நன்றி எல்லோருக்கும்.

தறிச்சத்தம்:
ஆறு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், தறி இருக்கிற வீட்டில் இணையத்துக்கு நேரம் கிடைப்பதில்லை. ஃபெரிட்டின் 4 வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் இரும்பு சுக்ரோஸ் ஏழு தடவை ஏற்றினார்கள், ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு தடவை மட்டும் கை வீங்கிக்கொண்டது. இரண்டு தூரம் வந்து போயிற்று, டிரானெக்சாமிக் மாத்திரையோடு ஆறு நாளில் நின்றது. நேற்று பார்த்தது: ஹீமோகுளோபின் 10.6, எம்சிவி 77, தட்டணு 3 லட்சத்து 30 ஆயிரம். கொழுந்தனார் மகனிடம் பேப்பரைக் காட்டினேன், ஒன்றும் பேசாமல் போய்விட்டான். சர்க்கரைச் சராசரி 5.4. ஆர்டிடபிள்யூ மட்டும் 26 என்று கூடியிருக்கிறது, அது ஏன் அக்கா?

ஸ்லைடுக்காரி:
அருமை! ஆர்டிடபிள்யூ கூடுவது நல்ல சகுனம். இப்போது பெரிய இட்லியும் பழைய சின்ன இட்லியும் ஒரே தட்டில் இருக்கின்றன, பழசு தீர்ந்ததும் இறங்கும். ஆனால் அந்த 5.4-ஐயும் இப்போது நம்ப வேண்டாம், புது அணுக்கள் நிறைய வந்திருப்பதால் அது குறைத்துக் காட்டும். அப்போது கூட்டிச் சொன்னது, இப்போது குறைத்துச் சொல்கிறது. மூன்று நாலு மாதம் கழித்துப் பார்ப்பதுதான் கணக்கு. பச்சரிசி என்ன ஆயிற்று?

தறிச்சத்தம்:
இரண்டாவது ஊசி போட்ட வாரத்திலேயே விட்டுப்போயிற்று. ஒருநாள் முந்தானையை அவிழ்த்துப் பார்க்கிறேன், முடிந்த அரிசி அப்படியே இருக்கிறது. எடுத்துக் கோழிக்குப் போட்டேன்.

டாக்டரிடம் நாலு கேள்வியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போய்க் கேட்டேன். கட்டி பெரும்பாலும் சுவருக்குள்தான் இருக்கிறது, மட்டும் எடுக்கலாம், ஆனால் திரும்ப வேறு கட்டி வர வாய்ப்பு உண்டு என்றார். பயாப்சி எடுத்தார்கள், தப்பாக எதுவும் இல்லை. கர்ப்பப்பையை எடுத்தாலும் சினைப்பையைத் தொட மாட்டோம் என்று எழுதியே கொடுத்தார். எது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஆடி முடியட்டும் என்கிறார் மாமியார், தீபாவளி ஆர்டர் முடியட்டும் என்கிறார் முதலாளி. வயிற்றைத் திறந்து கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், எத்தனை வாரத்தில் மறுபடி நின்று வேலை செய்ய முடிந்தது? நாள் முழுக்க நிற்கிற வேலை என்னுடையது.

வாடாமல்லி:
எனக்கு ஆறு வாரம் சொன்னார்கள், எட்டு ஆனது அக்கா. தறி நாடாவைத் தூக்கிக் குனிகிற வேலையை மட்டும் இன்னும் ஒரு மாதம் யாரையாவது செய்யச் சொல்லுங்கள்.